‘கெட் ரெடி’யை விட்டால் வேறு என்ன சொல்லலாம்? எதை எங்கே சொல்லணும்?

பழைய_ராஜிந்தர்_நகர் | இழையைத் தொடங்கியவர்

எல்லாருக்கும் வணக்கம். எனக்குத் தென்காசிப் பக்கம். குடிமைப் பணித் தேர்வுக்காகத் தில்லி வந்து இங்கே தங்கிப் படிக்கிறேன். மெயின்ஸ், அதாவது முதன்மைத் தேர்வு, எழுதியாச்சு, அடுத்து நேர்காணல். தமிழிலும் கொடுக்கலாம், ஆனா ஆங்கிலத்திலேயே கொடுக்கணும்னு முடிவு பண்ணியிருக்கேன்.

என் கேள்வி சின்னதுதான். நம்ம ஆட்கள் எல்லாத்துக்கும் ‘கெட் ரெடி’தான் சொல்றோம். குளிச்சு உடை மாத்தவும் அதே, பரீட்சைக்குப் படிக்கவும் அதே, ஊருக்குக் கிளம்பவும் அதே. பேப்பரைத் திறந்தா ‘பிரிப்பேர்’, ‘கியர் அப்’, ‘பிரேஸ்’, ‘ஆல் செட்’னு வருது. அகராதியில பார்த்தா எல்லாத்துக்கும் ‘தயாராகு’ன்னு ஒரே பொருள். ஒண்ணு இருக்குற இடத்துல இன்னொண்ணைப் போட்டா என்ன கெடும்? வீட்டுல, ஆபீஸ்ல நிஜமாவே எதைச் சொல்றாங்க? பட்டியல் இணையத்துல கொட்டிக் கிடக்கு, அது வேண்டாம். பழகினவங்க சொன்னா உதவியா இருக்கும்.

---

கரோல்பாக்_டீச்சர்

நல்ல கேள்வி அம்மா. நான் இங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பல வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். பொறுமையாகவே எழுதுகிறேன்.

முதலில் ‘ரெடி’, ‘பிரிப்பேர்’ இரண்டையும் பிரித்து வைத்துக்கொள். ‘ரெடி’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல், வீட்டுச் சொல். ‘பிரிப்பேர்’ லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அதனால்தான் முதலாவது பேச்சிலும் இரண்டாவது எழுத்திலும் மேடையிலும் இயல்பாக உட்காருகின்றன. சாயங்காலம் அம்மா ‘ஐ ஆம் மேக்கிங் டின்னர்’ என்பாள், ‘கெட் டின்னர் ரெடி’ என்பாள். ‘ஐ ஆம் பிரிப்பேரிங் டின்னர்’ என்றால் தப்பில்லை, ஆனால் ஓட்டல் அறிவிப்பு மாதிரி கேட்கும்.

அடுத்தது காலம். ‘பிரிப்பேர்’ என்பது நீளமான வேலை, மாதக்கணக்கில் நடக்கும். ‘ரெடி’ என்பது அந்த வேலை முடிந்த நிலை. ‘கெட் ரெடி’ அந்த நிலைக்குப் போகிற கடைசிக் கொஞ்ச தூரம். நீ இவ்வளவு நாளும் செய்தது ‘பிரிப்பேரிங்’. நேர்காணல் அன்று காலையில் புடவை கட்டி, சான்றிதழ்களை எடுத்து வைப்பதுதான் ‘கெட்டிங் ரெடி’. அப்படிப் பார்த்தால் நம்ம ஆட்கள் குளிப்பதற்கு ‘கெட் ரெடி’ என்பது சரியான பிரயோகமே. ஆங்கிலேயர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் தினமும் இடறும். ‘பீ ரெடி பை சிக்ஸ்’ என்றால் ஆறு மணிக்குள் எல்லாம் முடிந்து வாசலில் நிற்க வேண்டும். ‘கெட் ரெடி அட் சிக்ஸ்’ என்றால் ஆறு மணிக்குத்தான் தலைவாரவே ஆரம்பிக்க வேண்டும். வண்டியைக் கூப்பிட்டு வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிசு.

---

செய்தி_மேசை

நான் ஐ.டி.ஓ. பக்கம் ஒரு பத்திரிகையில் தலைப்பு எழுதுகிற வேலையில் இருக்கிறேன். ‘கியர் அப்’, ‘பிரேஸ்’ இரண்டும் எங்கள் மேசையில் தினமும் புழங்குபவை, அதனால் சொல்கிறேன்.

‘பிரேஸ்’ கெட்டதற்கு மட்டும்தான். புயல், கடுங்குளிர், வேலைநிறுத்தம், விலை உயர்வு. சென்னை புயலுக்கு ‘பிரேஸ்’ பண்ணும். அக்டோபர் கடைசியில் காற்று கெடும்போது தில்லி ‘பிரேஸ்’ பண்ணும். விமானத்தில் அவசரத் தரையிறக்கம் என்றால் ‘பிரேஸ், பிரேஸ்’ என்று கத்துவார்கள். வரப்போவதைத் தடுக்க முடியாது, அடி விழும், அதைத் தாங்க உடம்பை இறுக்கிக்கொள் என்பதுதான் அதில் உள்ள செய்தி. சாதாரணமாக இறங்கும்போது விமானி சொல்வது ‘கேபின் க்ரூ, பிரிப்பேர் ஃபார் லேண்டிங்’. இந்த இரண்டு அறிவிப்பும் மனசில் இருந்தால் வித்தியாசம் மறக்கவே மறக்காது.

‘கியர் அப்’ அதற்கு நேர் எதிர்ப்பக்கம். பெரிய நிகழ்ச்சி, நிறையப் பேர், நிறையச் சாமான், கொஞ்சம் உற்சாகம். ஜனவரியில் தில்லி குடியரசு தினத்துக்கு ‘கியர் அப்’ பண்ணும். கர்த்தவ்ய பாதையில் நாற்காலி போடுவதும், 23ஆம் தேதி முழு ஒத்திகைக்குச் சாலைகளை மூடுவதும் அதற்குள் அடங்கும். 2023 செப்டம்பரில் பாரத் மண்டபத்தில் ஜி20 மாநாடு நடந்தபோது எங்கள் பக்கங்களில் இந்தச் சொல் தினமும் இருந்தது. ஆனால் ஒரு ஆள் தனியாகக் கடைக்குப் போக ‘கியர் அப்’ பண்ண மாட்டார். சொல் பெரிசு, வேலை சின்னது.

---

யமுனைக்கரை

அண்ணா, கல்யாணத்துக்கு ‘பிரேஸ்’ போட்டா?

---

செய்தி_மேசை

போடாதீர்கள். பெண் வீட்டார் ஏதோ பேரிடரை எதிர்பார்க்கிறார்கள் என்று படிப்பவர் நினைப்பார். கல்யாணம் என்றால் ‘வெட்டிங் பிரிப்பரேஷன்ஸ்’, கடைசியில் ‘ஸ்’ஸோடு. அல்லது ‘அரேஞ்ச்மெண்ட்ஸ்’. பந்தல், சமையல், வண்டி, தங்க இடம் என்று பல வேலைகள் சேர்ந்தால் பன்மை. படிப்புக்கு ‘பிரிப்பரேஷன்’ என்று ஒருமை போதும். ‘மை பிரிப்பரேஷன்ஸ் ஃபார் தி எக்ஸாம்’ என்று யாராவது எழுதினால் பேனா வாங்கியது, அறை பிடித்தது எல்லாம் சேர்த்துச் சொல்வது போல் இருக்கும்.

---

லோதி_காலனி_73

நான் ஒரு மாற்றுக் கருத்து வைக்கிறேன். இத்தனை சொல் எதற்கு? மத்திய அரசு அலுவலகத்தில் பணிக்காலம் முழுவதும் ‘ரெடி’, ‘நாட் ரெடி’ இரண்டை வைத்தே கோப்புகள் நகர்ந்திருக்கின்றன. ‘கீப் தி ஃபைல் ரெடி’ என்றால் பஞ்சாபிக்கும் புரிந்தது, வங்காளிக்கும் புரிந்தது, மதுரைக்காரருக்கும் புரிந்தது. நேர்காணலுக்குப் போகிற பெண் சொல்லைத் தேடிக்கொண்டு நின்றால் பதில் தடுமாறும். தெரிந்த ஒரு சொல்லைத் தெளிவாகச் சொல்வதே மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

---

கரோல்பாக்_டீச்சர்

ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். அலங்காரத்துக்காகச் சொல் மாற்றக் கூடாது. ‘கீப் இட் ரெடி’ நம் நாட்டில் சரியான வழக்குதான், வெளிநாட்டில் அதே இடத்தில் ‘ஹேவ் இட் ரெடி’ என்பார்கள், ‘ஹேவ் யுவர் பாஸ்போர்ட் ரெடி’ என்பது போல. இரண்டுமே எல்லாருக்கும் புரியும்.

ஆனால் சொல் மாறினால் பொருளே புரண்டுபோகிற இடம் ஒன்று இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்ததும் அதுதான்.

‘பிரிப்பேர்டு ஃபார்’ என்றால் ஒன்றுக்காகத் தயாராகியிருப்பது. ‘பிரிப்பேர்டு டு’ என்று வினைச்சொல் வந்தால், செய்யச் சம்மதம் என்று பொருள். நேர்காணலில் ‘ஆர் யூ பிரிப்பேர்டு டு சர்வ் இன் எ ரிமோட் டிஸ்ட்ரிக்ட்?’ என்று கேட்டால், அந்த மாவட்டத்தைப் பற்றிப் படித்திருக்கிறாயா என்று கேட்கவில்லை. போவாயா, மனசு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ‘எங்கே போட்டாலும் போகத் தயார்’ என்று நாமும் சொல்கிறோமே, அதே தயார்தான்.

இதற்கு மறுபக்கம் இன்னும் கூர்மை. பதில் தெரியாத கேள்வி வந்தால் சிலர் ‘ஐ ஆம் நாட் பிரிப்பேர்டு டு ஆன்சர் தட், சார்’ என்கிறார்கள். படித்துவிட்டு வரவில்லை என்பது அவர்கள் நினைப்பு. கேட்பவர் காதில் விழுவது ‘அதற்குப் பதில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை’ என்பது. அரசியல்வாதிகள் நிருபர்களிடம் சொல்வது போல் ஆகிவிடும். 275 மதிப்பெண்ணுக்கான அறையில் அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு கெடுதல் செய்யும் என்று யோசித்துப் பார். ‘ஐ டோண்ட் நோ, சார்’ என்று நேராகச் சொல். அது எவ்வளவோ மேல்.

---

லோதி_காலனி_73

இதை முழு மனதோடு ஏற்கிறேன் அம்மா. ‘நாட் பிரிப்பேர்டு டு’ என்று கடிதத்தில் வந்தாலே அந்தத் துறை மறுக்கிறது என்றுதான் நாங்களும் படிப்போம். தேர்வர்கள் எல்லாருக்கும் இது போய்ச் சேர வேண்டும்.

---

பழைய_ராஜிந்தர்_நகர்

டீச்சர், ரொம்ப நன்றி. அறையில எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். என் அறைத்தோழி கேட்கச் சொன்னா: ‘பிரிப்பேர் தி எக்ஸாம்’, ‘பிரிப்பேர் ஃபார் தி எக்ஸாம்’ ரெண்டும் ஒண்ணா?

---

கரோல்பாக்_டீச்சர்

இல்லை. ‘பிரிப்பேர் தி எக்ஸாம்’ செய்வது வினாத்தாள் தயாரிப்பவர். ‘பிரிப்பேர் ஃபார் தி எக்ஸாம்’ செய்வது மாணவி. நடுவில் உள்ள ‘ஃபார்’ விழுந்தால் நீ தேர்வாணையத்தின் வேலையைப் பார்ப்பதாக ஆகிவிடும். ‘பிரிப்பேர் எ ஸ்பீச்’, ‘பிரிப்பேர் எ ரிப்போர்ட்’ சரி, ஏனென்றால் அவற்றை உருவாக்குவது நீதான். ‘கெட் ரெடி’க்கும் இதே கணக்கு: பெயர்ச்சொல் வந்தால் ‘ஃபார்’, வினை வந்தால் ‘டு’.

---

முகர்ஜி_நகர்_தம்பி

தில்லியில இந்தி பேசுற பசங்க ‘தையாரி கர் ரஹா ஹூம்’னு சொல்லி நிறுத்திடுவாங்க. எதுக்குத் தையாரின்னு கேட்கவே வேண்டாம், போட்டித் தேர்வுன்னுதான் அர்த்தம். வேலை என்னன்னு கேட்டாலும் பதில் தையாரி. முகர்ஜி நகர்ல டீக்கடை, நகல் கடை, மெஸ் எல்லாமே அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஓடுது. நம்ம ஊர்ல ‘பிரிப்பரேஷன்ல இருக்கான்’னு சொல்றதும் இப்ப அப்படியே ஆயிடுச்சு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். இந்தியில ‘தையாரி’ பெயர்ச்சொல், ஆயத்த வேலை. தமிழ்ல ‘தயாரி’ன்னா உற்பத்தி பண்ணு. சோப்புத் தயாரிக்கிறாங்க, படம் தயாரிக்கிறாங்க. ரெண்டும் ஒரே அரபு வேர்ல இருந்து வந்தாலும் பாதை பிரிஞ்சு போச்சு. புதுசா வர்றவங்க ‘நான் இங்க தயாரிச்சுட்டு இருக்கேன்’னு வீட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னா அம்மா என்ன தயாரிக்கிறேன்னுதான் கேட்பாங்க.

---

சமையல்_கட்டு

மயூர் விஹார்லேர்ந்து. நான் வீட்டிலேயே சாப்பாடு செஞ்சு டிபன் அனுப்பறேன். எங்க வேலையில ‘ப்ரெப்’னு ஒண்ணுதான் பேச்சு. வெங்காயம் நறுக்கி, தேங்காய் துருவி, புளி கரைச்சு, பருப்பை ஊறப்போட்டு வெக்கறது வரைக்கும் ப்ரெப். அடுப்புல ஏத்தினதும் குக்கிங். இதுல குழப்பமே கிடையாது. ‘ப்ரெப் முடிஞ்சுதா?’ன்னு கேட்டா உதவிக்கு வர்ற பீகார்ப் பொண்ணுக்கும் புரியறது.

டிசம்பர்ல தில்லிக் குளிர்ல இட்லி மாவு புளிக்கவே மாட்டேங்கும். மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில சுத்தி, விளக்கை மட்டும் போட்டுண்டு ஓவனுக்குள்ள ராத்திரி பூரா வெச்சுடுவேன். அதுவும் ப்ரெப்புதான். மறுநாள் ஆர்டரே அதை நம்பித்தான் இருக்கு. புதுசாக் குடிவந்தவா யாராவது இதைப் படிச்சா குறிச்சுக்கோங்கோ. வெதுவெதுப்பான தண்ணி விட்டு அரைச்சாலும் கொஞ்சம் உதவும்.

---

வார்டு_நைட்_டியூட்டி

நான் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். எங்களுக்கும் ‘ப்ரெப்’ தினசரிச் சொல். ‘பேஷண்ட்டை ப்ரெப் பண்ணியாச்சா?’ என்றால் அறுவைச் சிகிச்சை செய்யும் இடத்தில் முடி எடுத்து, கிருமிநாசினியால் சுத்தம் செய்து, நகையைக் கழற்றி வீட்டாரிடம் கொடுத்து, சம்மதக் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது வரை எல்லாம் அடங்கும். குடல் பரிசோதனைக்கு முன்னால் மருந்து குடித்து வயிற்றைக் காலி பண்ணுவதும் ‘ப்ரெப்’தான்.

ஆனால் நோயாளியிடம் இந்தச் சொல்லை நான் சொல்ல மாட்டேன். அவர்கள் காதில் அது சாமானைப் பற்றிப் பேசுவது போல விழும். ‘வீ வில் கெட் யூ ரெடி’ என்பேன். தமிழ்க்காரர் என்றால் ‘வாங்கம்மா, தயார் பண்ணிடலாம்’. பயந்து படுத்திருப்பவர்களுக்குச் சொல்லும் தொனியும் மருந்துதான் என்று நம்புகிறேன்.

---

யமுனைக்கரை

‘ப்ரெப்’பை நேர்காணல்ல சொல்லலாமா? காலேஜ்ல எல்லாரும் அப்படித்தான் பேசறோம்.

---

செய்தி_மேசை

தோழிகளோடு சரி. நேர்காணலிலும் விண்ணப்பக் கடிதத்திலும் முழுச் சொல்லே போடுங்கள்.

---

லோதி_காலனி_73

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இப்போது கேட்பவர்களும் அந்தச் சொல்லைப் பேசுகிறவர்கள்தான். நேர்காணலில் அதற்காக யாரும் மதிப்பெண் குறைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

---

கரோல்பாக்_டீச்சர்

குறைக்க மாட்டார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். இருந்தாலும் முழுச் சொல் பாதுகாப்பு. அதைச் சொன்னதற்காக யாரும் புருவம் உயர்த்தப் போவதில்லை.

---

ஓய்வு_சுபேதார்

மதராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்றவன். பட்டாளத்தில் மூன்று படி உண்டு, இதை யாரும் சொல்லவில்லையே. ‘ஸ்டாண்ட்பை’ என்றால் கூப்பிட்டால் வரத் தோதாக இரு, சாப்பிடலாம், உட்காரலாம். ‘அலர்ட்’ என்றால் கண் திறந்திரு. ‘ஸ்டாண்ட் டு’ என்றால் ஆயுதத்தோடு உன் இடத்தில் நில். விடியும் முன்னும் இருட்டும் நேரத்திலும் எதிரி வருவான் என்பதால் அந்த இரு வேளையும் ‘ஸ்டாண்ட் டு’ போடுவது முதல் உலகப் போர்ப் பதுங்குகுழிகளிலேயே நடந்தது.

சிவில் வாழ்க்கையில் ‘ஸ்டாண்ட்பை’ நல்ல சொல். ஆபீஸில் ‘ஐ ஆம் ஆன் ஸ்டாண்ட்பை’ என்றால் வேலை வந்தால் எடுக்கத் தயார், இப்போதைக்குக் கையில் இல்லை என்று பொருள். ‘ரெடி’ அதைச் சொல்லாது.

---

தமிழ்ச்சங்க_வாசகன்

சுபேதார் ஐயா பேச்சை எடுத்ததால் எனக்கு ஆசை வந்துவிட்டது. போருக்குப் போகுமுன் பூச் சூடுவது நம் பழைய மரபு. ஆநிரை கவர வெட்சி, மண்ணைக் கொள்ளப் படையெடுக்க வஞ்சி, மதிலை வளைக்க உழிஞை, நேருக்கு நேர் மோதத் தும்பை. தலையில் எந்தப் பூ என்று பார்த்தாலே என்ன வேலைக்குத் தயாராகிறான் என்று தெரிந்துவிடும். வென்ற பிறகு வாகை. டீச்சர் சொன்ன ‘எதற்காகத் தயாராகிறாய்’ என்ற கேள்வியை நம்மவர்கள் இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு மிகுந்த பெருமை.

இன்னொன்று. ஆங்கிலத்தில் ‘கர்ட் அப் யுவர் லாயின்ஸ்’ என்று விவிலியத்திலிருந்து வந்த பிரயோகம் உண்டு. நீண்ட அங்கியைத் தூக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கு என்பது. பேதுருவின் முதல் நிருபத்தில் தமிழில் ‘மனதின் அரையைக் கட்டிக்கொண்டு’ என்று வருகிறது. நாம் ‘வரிந்து கட்டிக்கொண்டு’ என்கிறோம். இந்திக்காரர்கள் ‘கமர் கஸ்னா’ என்கிறார்கள், இடுப்பை இறுக்குவது. மூன்றும் இடுப்பில்தான் வந்து நிற்கின்றன. வேட்டியோ, அங்கியோ, காலில் தட்டாமல் இருந்தால்தானே ஓட முடியும்.

---

செய்தி_மேசை

‘தில்லி போலீஸ் நே கமர் கஸி’ என்று இந்தித் தலைப்பு வந்தால் நாங்கள் அதே செய்திக்குப் போடுவது ‘கியர்ஸ் அப்’தான். ‘கர்ட்’ இன்றைக்கு யாரும் பேசுவதில்லை, எழுத்தில் கூட அரிது. பேச்சில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது ‘ரோல் அப் யுவர் ஸ்லீவ்ஸ்’. கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்குவது. ஆனால் அது உழைப்பைச் சொல்லும், காத்திருப்பைச் சொல்லாது.

---

ஓட்டப்_பயிற்சியாளர்

விளையாட்டுப் பக்கத்திலிருந்து ஒன்று. 100, 200, 400 மீட்டரில் தொடங்கி வைப்பவர் ‘ஆன் யுவர் மார்க்ஸ்’ என்பார், பிறகு ‘செட்’, பிறகு துப்பாக்கி. 800 மீட்டரும் அதற்கு மேலும் ‘செட்’ கிடையாது, ‘ஆன் யுவர் மார்க்ஸ்’ சொன்னதும் வெடிதான். குறுந்தொலைவு ஓட்டத்தில் குனிந்து இடுப்பை உயர்த்தி அசையாமல் நிற்கும் அந்த நொடிக்குத்தான் ‘செட்’ என்று பெயர். ‘ஆல் செட்’டைப் பிள்ளைகளுக்கு இதை வைத்துத்தான் விளக்குவேன்: இனி அசைத்துப் பார்க்க ஒன்றும் பாக்கியில்லை என்கிற நிலை. மைதானத்தில் பிள்ளைகள் கத்தும் ‘ரெடி, ஸ்டெடி, கோ’ பிரிட்டிஷ் வழக்கம், அமெரிக்காவில் ‘ரெடி, செட், கோ’.

---

பழைய_ராஜிந்தர்_நகர்

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும்னு நினைக்கலை. கடைசியா ரெண்டு சந்தேகம். ஒண்ணு, ‘ஆல் செட்’டும் ‘குட் டு கோ’வும் ஒண்ணா? ரெண்டு, மெயின்ஸ்ல எழுதின விருப்பப் பாடத்தை நேர்காணலுக்கு முன்னாடி திரும்பப் பார்க்கறதை என்ன சொல்றது? ‘பிரிப்பேர்’னா முதல்லேர்ந்து படிக்கிற மாதிரி இருக்கே.

---

கரோல்பாக்_டீச்சர்

‘ஆல் செட்’ என்றால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. ‘குட் டு கோ’ என்றால் கிளம்பலாம், அனுமதி கிடைத்துவிட்டது. டிக்கெட், சாவி, தண்ணீர் பாட்டில் பையில் இருந்தால் நீ ‘ஆல் செட்’. வாசலில் காவலர் பையைச் சோதித்து உள்ளே விட்டால் ‘யூ ஆர் குட் டு கோ’. இரண்டும் பெரும்பாலும் பேச்சுக்குத்தான். நேர்காணல் மேசையில் ‘ரெடி’ என்று சொன்னாலே போதும்.

இரண்டாவதற்குச் சரியான சொல் ‘பிரஷ் அப்’. ஏற்கெனவே தெரிந்ததன் மேல் படிந்த தூசியைத் தட்டுவது. ‘ஐ ஆம் பிரஷிங் அப் மை ஜியாக்ரஃபி’ என்றால் தெரியும், திரும்பப் பார்க்கிறேன் என்று பொருள். ‘மக் அப்’ என்று மட்டும் சொல்லாதே, அது நெட்டுருப் போடுவது. ‘ரிவைஸ்’ பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தும், உனக்கும் பொருந்தும், ஆனால் அமெரிக்கர் காதில் ‘ரிவைஸ்’ என்றால் எழுதியதைத் திருத்துவது. அவர்கள் திரும்பப் படிப்பதை ‘ரிவ்யூ’ என்பார்கள்.

ஞாயிறு சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன் அம்மா. அறைத்தோழிகளையும் கூட்டிக்கொண்டு வா. எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறேன், ஆங்கிலத்திலேயே பேசலாம். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

---

பழைய_ராஜிந்தர்_நகர்

வந்துடறோம் டீச்சர். ஐந்து மணிக்கு?

---

கரோல்பாக்_டீச்சர்

ஐந்துக்கு வா. உன் விண்ணப்பப் படிவத்தின் நகலைக் கொண்டுவா. நேர்காணலில் பாதிக் கேள்வி அதிலிருந்துதான் வரும். ஊர், பொழுதுபோக்கு, படித்த கல்லூரி என்று நீ எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியிலும் கை வைத்துக் கேட்பேன்.